இசைத்தட்டு விமர்சகர்களுக்கு, தட்டு வாங்குகிறவன் எழுதும் மடல்

அன்புள்ள விமர்சகர்களுக்கு,

வணக்கம். ஓபரா, சேர்ந்திசை, பியானோவோடு பாடும் தனிப்பாடல் என்று மேற்கத்திய செவ்வியல் குரலிசைப் பதிவு எது வந்தாலும் கேட்டு எழுதுகிறவர்கள் நீங்கள். நான் அதைப் படித்துவிட்டு வாங்குகிறவன். எனக்குப் பாட வராது. இசைக்குறிப்புத் தாளைத் தட்டுத்தடுமாறிப் பின்தொடர வரும், அவ்வளவுதான். இருந்தாலும் இருபது வருடமாக உங்கள் சொல்லை நம்பிப் பணம் கொடுத்தவன் என்கிற உரிமையில் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பட்ட கடனைச் சொல்லிவிடுகிறேன். இசையமைப்பாளர் மாலரின் 'பூமியின் பாடல்', பாடகி காத்லீன் ஃபெரியர் 1952ல் வியன்னாவில் புரூனோ வால்டர் நடத்தப் பாடிய பதிவு. அதைப் பற்றி எப்போதோ ஒரு விமர்சனம் படித்தேன். எழுதியவர் பெயர் நினைவில்லை. குரல் எப்படிப்பட்டது என்று அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. கடைசிப் பாட்டின் முடிவில் 'ஏவிக்', அதாவது 'என்றென்றும்', என்ற சொல் திரும்பத் திரும்ப வரும், அந்த இடத்தைக் கவனியுங்கள் என்று மட்டும் சொன்னார். நம் கணக்கில் சொன்னால் குரல் காந்தாரத்திலிருந்து ரிஷபத்துக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. சட்ஜத்துக்கு வருவதே இல்லை. அடியில் வாத்தியங்கள் சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கின்றன. ஃபெரியர் அடுத்த வருடமே புற்றுநோயில் இறந்துபோனார் என்பதை அந்த விமர்சகர் எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் அந்த ரிஷபத்தைக் கேட்டிருக்க மாட்டேன், சாவைத்தான் கேட்டிருப்பேன்.

இந்த மாதிரி எழுத்து அபூர்வமாகிவிட்டது என்பதுதான் என் குறை. இப்போது வருவதெல்லாம் அடைமொழிகள். பட்டுக் குரல், வெல்வெட் குரல், தேனில் குழைத்த குரல், வெள்ளி மணி, வெண்கலம். தொட்டுப் பார்க்கவும் நக்கிப் பார்க்கவும் ஆன சாமான்கள். ஒரே டெனரை, அதாவது உயர்ந்த ஆண்குரல் பாடகரை, ஒருவர் வெண்கலம் என்கிறார், இன்னொருவர் தகரம் என்கிறார். இருவரும் எந்த இடத்தைக் கேட்டு அப்படிச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தால் நானே அங்கே போய்ப் போட்டுப் பார்த்திருப்பேன். தட்டில் ஊசியைத் தேடி வைக்க வேண்டிய காலமா இது? எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று எழுதினால் போதும்.

ஒரு உதாரணம். வெர்டியின் 'இல் த்ரோவத்தோரே' ஓபராவில் மூன்றாம் அங்கம் முடியும்போது டெனர் வாளை உருவிக்கொண்டு 'தி குவெல்லா பிரா' என்று பாடுவார். அந்த உச்ச 'சி' சுரத்தைப் பற்றி எழுதாத விமர்சனம் கிடையாது. அந்த 'சி' வெர்டி எழுதியதல்ல, பாடகர்கள் சேர்த்து மரபாகிப்போனது. அது எட்டாதவர்கள் மொத்தப் பாட்டையும் அரைச் சுரம் இறக்கிப் பாடுவார்கள், இரண்டாவது சுற்றையும் வெட்டிவிடுவார்கள். இதில் குற்றம் ஒன்றும் இல்லை, பெரிய பாடகர்களே செய்ததுதான். ஆனால் 'உச்ச சி இடி போல முழங்குகிறது' என்று நீங்கள் எழுதுகிற பதிவில் முழங்குவது அதற்கு அரைச் சுரம் கீழே உள்ள 'பி' என்றால்? பக்கத்தில் ஒரு சின்னக் கீபோர்டு இருந்தால் இரண்டு விநாடியில் தெரிந்துபோகிற சமாச்சாரம்.

அடுத்தது, நீங்கள் கேட்டது எந்தப் பாடம், அதாவது படைப்பின் எந்த வடிவம், என்பது. 'குறையில்லாத முழுப் பதிவு' என்ற விமர்சனத்தை நம்பி ஒருமுறை வெர்டியின் 'தோன் கார்லோ' ஓபராவை வாங்கினேன். ஃபோன்தேன்ப்ளூ காட்டில் ஸ்பானிய இளவரசனும் பிரெஞ்சு இளவரசியும் முதன்முதலில் சந்திக்கும் காட்சிக்காகவே வாங்கினேன். போட்டால் எடுத்த எடுப்பில் மடாலயம். காட்டையும் காணோம், வேட்டைக்காரர்களையும் காணோம். பெட்டிக்குள் தட்டு ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று குலுக்கிக்கூடப் பார்த்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. வெர்டி இதை 1867ல் பாரிஸுக்காகப் பிரெஞ்சில் ஐந்து அங்கமாக எழுதினார். 1884ல் மிலானுக்காக முதல் அங்கத்தை எடுத்துவிட்டு நான்காக்கினார். 1886ல் மோதெனாவில் அந்த அங்கம் திரும்ப வந்தது. என் கையில் இருந்தது 1884. அந்த நான்கு அங்கத்தில் ஒரு வரிகூடக் குறையவில்லை என்பதால் அது 'முழுப் பதிவு'. விமர்சகர் பொய் சொல்லவில்லைதான்.

இது பக்கக் கணக்குச் சண்டை அல்ல. கடைசி அங்கத்தில் எலிசபெத் கல்லறை முன்னால் தனியாக நின்று பாடும்போது அந்தக் காட்டுச் சந்திப்பின் மெட்டு வாத்தியங்களில் மெல்ல எட்டிப் பார்க்கும். முதல் அங்கத்தைக் கேட்டுவிட்டு வந்தவனுக்கு அங்கே தொண்டை அடைக்கும். கேட்காதவனுக்கு அது நல்ல மெட்டு, அவ்வளவுதான். பாடுகிற சொப்ரானோ, அதாவது உயர்ந்த பெண்குரல் பாடகி, அதே சொப்ரானோதான். எந்தப் பாடம் என்று சொல்லாமல் அவர் உருக்கினாரா இல்லையா என்று தீர்ப்பு எழுதினால் எப்படி?

ஹாண்டெலின் 'மெசையா'வுக்கும் இதே கதைதான். 1742ல் டப்ளினில் முதலில் பாடப்பட்டது, அப்புறம் கிடைத்த பாடகர்களுக்கு ஏற்ப அவரே மாற்றிக்கொண்டே இருந்தார். 'அவர் வரும் நாளை யார் தாங்குவார்' என்ற தனிப்பாட்டை முதலில் பேஸ் என்ற தாழ்ந்த ஆண்குரலுக்கு எழுதியவர், 1750ல் குவாதாஞி என்ற காஸ்த்ராதோ பாடகர் (உயர்ந்த குரல் உடையாமலிருக்கச் சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்டவர்) கிடைத்ததும் அவருக்காக நடுவில் நெருப்புப் பற்றுகிற மாதிரி திருப்பி எழுதினார். 'பேஸ் பாட வேண்டியதைக் கவுண்டர்டெனர் பிடுங்கிக்கொண்டார்' என்று, பெண்குரல் உயரத்தில் பாடும் ஆணைப் பற்றி அலுத்துக்கொண்ட விமர்சனம் ஒன்றைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மோட்சார்ட் முடிக்காமலே இறந்துபோன ரெக்வியமுக்கு (இறந்தோருக்கான வழிபாட்டு இசை) யார் முடித்துவைத்த பாடம் என்று குறிப்பிடுவதையாவது நிறையப் பேர் செய்கிறீர்கள், நன்றி.

இதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த விவகாரம் அலெக்ரியின் 'மிசரேரே' என்ற தேவாலயச் சேர்ந்திசை. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக் குழு 1963ல் டேவிட் வில்காக்ஸ் தலைமையில் ஆங்கிலச் சொற்களில் பாடிய பதிவு உங்களுக்கெல்லாம் தெரிந்ததே. ராய் குட்மன் என்ற சிறுவன் அந்த உச்ச 'சி'யைத் தொடும்போது கூரை திறந்துகொண்ட மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த 'மிசரேரே' ஒவ்வொன்றையும் நீங்கள் அந்த ஒரு சுரத்தைக் கொண்டே அளக்கிறீர்கள். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் அலெக்ரி எழுதியதில் அந்த 'சி' இல்லை. வேறு சுருதிக்கு உயர்த்தி எழுதிவைத்த ஒரு துண்டு, 19ஆம் நூற்றாண்டில் ஒரு இசை அகராதிக் கட்டுரைக்காகப் பாடத்தைத் தொகுத்தபோது பழைய பாடத்தோடு ஒட்டிக்கொண்டது. உலகமே மயங்கிய சுரம் ஒரு ஒட்டுப்போட்ட தையல்! அதனால் அதன் அழகு குறைந்துவிடுமா என்றால் எனக்குக் குறையவில்லை. ஆனால் அந்த 'சி' இல்லாமல் பழைய ஏடுகளைப் பின்பற்றிப் பாடுகிற குழுவை 'உச்சம் தொடவில்லை' என்று தள்ளுவது அநியாயம். அவர்கள் தொட மறந்த சுரம் அல்ல அது.

சரி, இனி கொஞ்சம் கசப்பானதைப் பேசலாம். நீங்கள் விமர்சிப்பது கச்சேரியை அல்ல, பதிவை. பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறீர்கள். ஃபுர்ட்வேங்லர் 1952ல் லண்டனில் நடத்திய, வாக்னரின் 'திரிஸ்தான் உண்ட் இசோல்டே' ஓபராப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். இசோல்டே கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இரண்டாம் அங்கத்தில் வரும் இரண்டு உச்ச 'சி'க்களைப் பாடியவர் அவர் அல்ல, எலிசபெத் ஷ்வார்ட்ஸ்காஃப். தயாரிப்பாளர் வால்டர் லெக் செய்த ஏற்பாடு. விஷயம் பின்னால் கசிந்தபோது ஃப்ளாக்ஸ்டாட் ரொம்ப மனம் நொந்துபோனார். நான் இதை மோசடி என்று சொல்ல வரவில்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற பதிவில் இரண்டு சுரம் இரவல், மீதியெல்லாம் அந்த அம்மாளுடையது, அந்த மீதிக்கு இன்றும் ஈடு கிடையாது. ஆனால் கதை தெரியாமல் அந்த 'சி'க்களைக் கேட்டு ஃப்ளாக்ஸ்டாட்டைப் புகழ்ந்தவர்களும் இருந்திருப்பார்கள்தானே? அவர்கள் கேட்டது என்ன? பெட்டியில் அச்சான பெயரை.

இன்னொரு பக்கமும் உண்டு. டெக்கா நிறுவனத்துக்காக ஷோல்ட்டி வியன்னாவில் நடத்திய, நான்கு ஓபரா சேர்ந்த வாக்னரின் 'ரிங்', 1958ல் தொடங்கி 1965ல் முடிந்தது. தயாரிப்பாளர் ஜான் கல்ஷா ஒலிப்பதிவையே மேடையாக்கிவிட்டார். அதன் கடைசி ஓபராவான 'கோட்டர்டேமருங்' முதல் அங்கக் கடைசியில் ஸீக்ஃப்ரீட் இன்னொருவன் வேஷத்தில் வருகிறான். வேஷம் போட்டது டெனர், போடப்பட்டவன் பாரிடோன், அதாவது டெனருக்குக் கீழே உள்ள ஆண்குரல். மேடையில் டெனர்தான் எப்படியாவது குரலைக் கனமாக்கிச் சமாளிக்க வேண்டும். கல்ஷா, ஸீக்ஃப்ரீடாகப் பாடிய வின்ட்காஸனின் குரலையே மின்கருவியால் பாரிடோன் பக்கம் சாய்த்துவிட்டார். இதைக் கேட்டுவிட்டுப் பாடகரின் 'நடிப்புத் திறன்' என்று எழுதினால் தப்பு. ஏமாற்று வேலை என்று எழுதினாலும் தப்பு. ஒலிப்பொறியாளரும் பாடுகிறார் என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். மைக் குரலுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது, மூச்சு எடுப்பது கேட்கிறதா, ஆர்கெஸ்ட்ரா உரக்க எழும்போது குரல் மட்டும் அதிசயமாக முன்னாலேயே நிற்கிறதா? சின்னக் குரல் உள்ள சொப்ரானோ வாக்னரை மிதித்துக்கொண்டு நிற்பது தட்டில் சாத்தியம். அரங்கில் அவரைத் தேட வேண்டியிருக்கும். 'நேரடிப் பதிவு' என்று அட்டையில் போட்டிருப்பதும் பெரும்பாலும் இரண்டு மூன்று இரவுகளின் நல்ல துண்டுகளைச் சேர்த்துத் தைத்ததுதான். இருமல் வந்த இடத்தை ஆளில்லாத அரங்கில் மறுபடி பாடி ஒட்டுவதும் வழக்கம். அந்த ஒரு இரவின் மின்சாரம் என்றெல்லாம் எழுதும்முன் எத்தனை தேதி போட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

பழைய பதிவுகளின் மறுவெளியீட்டை எழுதுகிறவர்களிடம் எனக்கு மரியாதை அதிகம், ஏனென்றால் அவர்கள்தான் இதையெல்லாம் கவனிக்கிறவர்கள். 1902 ஏப்ரலில் மிலானில் ஒரு ஹோட்டல் அறையில் டெனர் கருசோ ஒரே நாளில் பத்துப் பாட்டு பாடிக் கொடுத்ததிலிருந்து 1925ல் மைக்ரோஃபோன் வரும் வரைக்கும் எல்லோரும் ஒரு தகரக் கூம்புக்குள்தான் பாடினார்கள். உச்ச சுரம் வரும்போது பின்னால் நகர வேண்டும், தாழ்ந்து பாடும்போது கூம்புக்குள்ளே தலையை விட வேண்டும். டெனர் குரலை அந்தக் கூம்பு ஓரளவு காப்பாற்றியது. சொப்ரானோக்களின் மேல்நாதங்களைத் தின்றுவிட்டது. அதனால் 'அந்தக் காலத்து டெனர்கள் ராட்சசர்கள், சொப்ரானோக்கள் கீச்சுக்குரல்கள்' என்ற பொதுக்கருத்தில் கூம்புக்கும் பங்கு உண்டு. அதோடு வேகம். அந்தக் காலத் தட்டுகள் எல்லாம் நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிவானதை 78ல் ஓட்டினால் கிட்டத்தட்ட அரைச் சுரம் ஏறிவிடும், குரல் நடுக்கமும் வேகமாகிவிடும், நாற்பது வயதுக்காரர் வாலிபனாகிவிடுவார். புகழ்பெற்ற சொப்ரானோ அதெலினா பாத்தி 1905ல் முதன்முதலாகப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 62. அந்தக் குரலில் கேட்பது வயதா, வேகமா, கூம்பா என்று பிரித்துச் சொல்ல முயல்கிற ஒரு பத்தி, நூறு 'பொற்காலம்' கட்டுரைக்குச் சமம்.

பெயரைக் கேட்பது பற்றிச் சொன்னேன். ஜாய்ஸ் ஹாட்டோ விவகாரம் பியானோ உலகத்தில் நடந்தது, ஆனால் குரலிசைக்காரர்களும் அதை மறக்கக் கூடாது. யாரும் அவ்வளவாகக் கவனிக்காதிருந்த பிரிட்டிஷ் பியானோ கலைஞர், நோய்வாய்ப்பட்டவர், கடைசி வருடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட தட்டுகள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 2007ல், அவர் இறந்த அடுத்த வருடம், ஒரு தட்டைக் கணினியில் போட்டபோது அது வேறொரு கலைஞரின் பெயரைக் காட்டியது. மற்றவர்களின் பதிவுகளை எடுத்துச் சிலதில் வேகத்தைக் கொஞ்சம் மாற்றி அவர் பெயரில் வெளியிட்டிருந்தார் கணவர். பிறகு ஒப்புக்கொண்டார். மனிதக் காதுகளால் முடியாததைப் பாட்டுகளின் நீளத்தை ஒப்பிடும் ஒரு மென்பொருள் செய்துவிட்டது. அவ்வப்போது யாரையாவது அட்டையை மறைத்துவிட்டுப் போடச் சொல்லி, நாலு பாடகர்களைப் பெயர் தெரியாமல் கேட்டு எழுதிப் பாருங்களேன். வெட்கப்படுகிற மாதிரி ஏதாவது நடந்தால் அதையும் எழுதுங்கள். அந்தக் கட்டுரையை நான் கட்டாயம் படிப்பேன்.

சேர்ந்திசைக் குழுக்கள் பாவம், அவர்களுக்கு நீங்கள் ஒதுக்குவது கடைசி வரி. 'குழுவினரும் சிறப்பாகவே பாடியிருக்கிறார்கள்.' எத்தனை பேர் என்றாவது சொல்லக் கூடாதா? மேல்குரல் பாடுவது சிறுவர்களா பெண்களா? 1730ல் பாக் லைப்ஸிக் நகர சபைக்கு எழுதிய மனுவில் ஒரு குழுவுக்குக் குறைந்தது 12 பேர், 16 இருந்தால் இன்னும் நல்லது என்று கேட்டார். அது மேடையில் ஒரே நேரத்தில் பாடுகிறவர்களின் கணக்கு அல்ல, ஆள் மாற்றிக்கொள்வதற்கான இருப்புக் கணக்கு என்று வாதாடிய ஜோஷுவா ரிஃப்கின், பாக்கின் பி மைனர் மாஸ் என்ற வழிபாட்டு இசையை ஒரு குரலுக்கு ஒருவர் என்ற கணக்கில் பதிவு செய்து 1982ல் வெளியிட்டார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நூறு பேர் பாடுகிற பாக்கும் பத்துப் பேர் பாடுகிற பாக்கும் ஒரே அளவுகோலில் நிற்காது. தாலிஸின் 'ஸ்பெம் இன் ஆலியம்' நாற்பது தனித்தனிக் குரல்களுக்கு எழுதியது, ஐந்து ஐந்தாக எட்டுக் குழு. அதை இரண்டு ஸ்பீக்கரில் கேட்கும்போது எட்டில் எத்தனையைப் பிரித்துக் கேட்க முடிகிறது என்பதைவிட முக்கியமான கேள்வி அந்தப் பதிவுக்கு இருக்கிறதா? இன்னொன்று, சொல்லின் முடிவில் வரும் 'ஸ்' ஒலி. நல்ல குழுவில் அது ஒரே கத்தரி வெட்டு. சுமாரான குழுவில் பாம்புப் பெட்டியைத் திறந்த மாதிரி வரிசையாகச் சீறும். இதை எழுத இசை இலக்கணம்கூடத் தேவையில்லை.

சொல் என்றதும் பாஷை ஞாபகம் வருகிறது. யானாச்செக்கின் செக் மொழி ஓபராவைப் பற்றி எழுதும்போது 'உச்சரிப்பு அபாரம்' என்கிறீர்கள். உங்களுக்குச் செக் தெரியுமா? தெரியாதென்றால் தெரியாது என்று எழுதிவிடுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். பேச்சின் ஏற்ற இறக்கத்திலிருந்தே மெட்டைப் பிடித்தவர் அவர். தெரியாத பாஷையில்கூட மெய்யெழுத்து காதில் விழுகிறதா, பாடகர் எல்லா உயிரெழுத்தையும் ஒரே 'ஆ'வாக உருட்டுகிறாரா என்பதைக் கேட்கலாம். கூடவே, பாட்டு வரிகள் எங்கே கிடைக்கும் என்று ஒரு வரி சேருங்கள். முன்பு பெட்டிக்குள்ளேயே கெட்டியாக ஒரு புத்தகம் இருக்கும். ஹைபீரியன் வெளியிட்ட ஷூபர்ட் பாடல் வரிசையில் 37 தட்டுக்கும் கிரஹாம் ஜான்சன் எழுதிய குறிப்புகள் பாட்டுக்குச் சமமான பொக்கிஷம். இப்போது ஸ்ட்ரீமிங்கில் பாட்டு வருகிறது, வரிகள் பெரும்பாலும் வருவதில்லை. நாலு மணி நேர ஓபராவை என்ன நடக்கிறதென்று தெரியாமல் கேட்கிற புதியவர், அது தனக்கானதல்ல என்று எழுந்து போய்விடுகிறார். நட்சத்திரம் போடுகிற இடத்தை இதற்கு ஒதுக்கினால் புண்ணியமாகப் போகும்.

இதையெல்லாம் சேர்த்து எழுத இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் ஒரே ஒரு இடத்தை மட்டும் எழுதுங்கள். ஷூபர்ட்டின் 'வின்டர்ரைஸ' (குளிர்காலப் பயணம்) என்ற பாடல் தொகுதி வருடத்துக்கு நாலைந்தாவது வந்துவிடுகிறது. டெனருக்கான உயரத்தில் எழுதியதைப் பாரிடோன்களும் பேஸ்களும் இறக்கிப் பாடுகிறார்கள், பெண்களும் பாடுகிறார்கள். நான் எல்லாவற்றையும் வாங்க முடியாது. 24ஆவது, கடைசிப் பாட்டு. ஊருக்கு வெளியே பனிக்கட்டி மேல் வெறுங்காலோடு நின்று, கைப்பிடியைச் சுற்றினால் பாடும் வாத்தியப் பெட்டியைச் சுற்றும் கிழவன், காசு விழாத தட்டு, உறுமும் நாய்கள். பியானோவில் இடது கை பாட்டு முடியும் வரை அந்த ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசியில் பயணி அவனைக் கேட்கிறான்: விசித்திரக் கிழவனே, நான் உன்னோடு வரட்டுமா? என் பாட்டுகளுக்கு நீ பெட்டியைச் சுற்றுவாயா? பதில் கிடையாது, பியானோ மட்டும் கொஞ்சம் உரத்து எழுந்து அடங்குகிறது. உங்கள் பாடகர் அந்தக் கேள்வியைப் பதில் வேண்டிக் கேட்கிறாரா, பதில் வராது என்று தெரிந்தே கேட்கிறாரா? 'டிரேன்', அதாவது 'சுற்றுவது', என்ற கடைசிச் சொல்லில் குரலைத் தாங்கிப் பிடிக்கிறாரா, விட்டுவிடுகிறாரா? அடுத்த பதிவு வரும்போது எனக்கு அதை மட்டும் எழுதுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் எழுத்தை நம்பித் தட்டு வாங்கும் ஒருவன்